சமூகப் பதற்றக் கோளாறு

சமூகப் பதற்றக் கோளாறு அல்லது சமூக அச்சம் என்பது, பிறர் தம்மைக் கவனித்து மதிப்பிடக்கூடும் என்று ஒருவர் கருதும் சூழ்நிலைகளில் ஏற்படும் மிகையான, நீடித்த அச்சத்தைக் குறிக்கும் உளநலக் குறைபாடு ஆகும். புதியவர்களுடன் பேசுதல், கூட்டத்தின் முன் உரையாற்றுதல், பிறர் முன்னிலையில் உண்ணுதல் அல்லது எழுதுதல், தொலைபேசியில் பேசுதல், அதிகாரத்தில் இருப்பவரிடம் உதவி கேட்டல் முதலியன இத்தகைய சூழ்நிலைகளாகும். இக்கோளாறு உடையவர்கள் தாம் தவறாக நடந்துகொண்டு இகழப்படுவோம், அல்லது தம் நடுக்கமும் முகச்சிவப்பும் பிறருக்குத் தெரிந்துவிடும் என்று அஞ்சுவர். அதனால் அச்சூழ்நிலைகளைத் தவிர்ப்பர். தவிர்க்க இயலாதபோது கடுந்துன்பத்துடன் அவற்றைக் கடப்பர்.

இது இயல்பான கூச்சத்திலிருந்து வேறானது. கூச்சம் ஓர் ஆளுமைப் பண்பு. சமூகப் பதற்றக் கோளாறு கல்வி, தொழில், நட்பு, திருமணம் ஆகியவற்றைப் பாதிக்கும் அளவுக்கு வளர்ந்த நிலை. உளவளத்துணையாலும் உளச்சிகிச்சையாலும் நன்கு குறையக்கூடிய உளநலக் குறைபாடுகளுள் இதுவும் ஒன்றாகும். குறிப்பாக, அறிதல்சார் நடத்தைச் சிகிச்சை இதற்கு முதன்மையான சிகிச்சையாகப் பரிந்துரைக்கப்படுகிறது.

சொற்கள்

தமிழில் கூச்சம், வெட்கம், நாணம், தயக்கம் ஆகிய சொற்கள் அன்றாட வழக்கில் ஒன்றுக்கொன்று நெருங்கிய பொருளில் வழங்குகின்றன. மேடையில் பேச அஞ்சுவது சபைக்கூச்சம், மேடை நடுக்கம், அவையச்சம் எனப்படுகிறது. திருக்குறளின் பொருட்பாலில் அவை அஞ்சாமை (அதிகாரம் 73), நாணுடைமை (அதிகாரம் 102) என்னும் இரு அதிகாரங்கள் உள்ளன. முன்னது கற்றதை அவையில் அஞ்சாது எடுத்துரைக்கும் திறனைப் போற்றுகிறது. பின்னது தகாத செயலைச் செய்ய நாணும் பண்பைப் போற்றுகிறது. நாணம் என்னும் அறப்பண்பும், பிறர் பார்வைக்கு அஞ்சிச் செயலற்றுப் போதலும் ஒன்றல்ல என்பதை இவ்வேறுபாடு காட்டுகிறது.

ஆங்கிலத்தில் கவுன்சலிங் எனப்படுவது இலங்கைத் தமிழில் உளவளத்துணை, சீர்மியம் எனவும், தமிழ்நாட்டில் மனநல ஆலோசனை, ஆற்றுப்படுத்தல் எனவும் வழங்குகிறது.

கூச்சமும் கோளாறும்

கூச்சம் மிகப் பரவலானது. அமெரிக்காவில் 13 முதல் 18 வயது வரையுள்ள பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் நடத்தப்பெற்று 2011 இல் வெளியிடப்பட்ட ஆய்வொன்றில், ஏறத்தாழப் பாதிப்பேர் தம்மைக் கூச்சமுடையவர் என்றனர். ஆனால் அவ்வாறு கூறியவர்களுள் சுமார் 12 விழுக்காட்டினரே சமூகப் பதற்றக் கோளாறுக்குரிய வரையறைக்குள் வந்தனர். ஆகவே, கூச்ச சுபாவம் உடையவர்களுள் பெரும்பாலானோருக்குச் சிகிச்சை தேவையில்லை.

இரண்டையும் பிரித்தறியப் பின்வரும் வேறுபாடுகள் உதவும்.

- கூச்சமுடையவர் தொடக்கத்தில் தயங்கினாலும் பழகப் பழக இயல்புநிலை அடைவர். கோளாறு உடையவருக்குப் பழகிய பின்னரும் அச்சம் தணிவதில்லை.
- கூச்சமுடையவர் தேவையான செயலைத் தயக்கத்துடனாவது செய்து முடிப்பர். கோளாறு உடையவர் நேர்முகத் தேர்வு, வாய்மொழித் தேர்வு, மருத்துவரைச் சந்தித்தல் போன்ற இன்றியமையாதவற்றையும் கைவிடுவர்.
- கோளாறில், நிகழ்வுக்குப் பல நாட்கள் முன்பிருந்தே கவலை தொடங்கும். நிகழ்வு முடிந்த பின்னரும் தாம் பேசியவற்றை மீண்டும் மீண்டும் நினைத்து வருந்துதல் நீடிக்கும்.

தனிமையை விரும்புதலும் இக்கோளாறன்று. அகமுக ஆளுமை உடையவர் தனித்திருப்பதில் நிறைவு காண்பர். சமூகப் பதற்றம் உடையவர்களுள் பலர் பிறருடன் பழக விரும்பியும் அச்சத்தால் இயலாமல் தனிமைப்படுகின்றனர்.

அறிகுறிகள்

உடல்சார்ந்தவை: முகம் சிவத்தல், வியர்த்தல், நெஞ்சுத் துடிப்பு மிகுதல், கை நடுங்குதல், குரல் தழுதழுத்தல், நா வறளுதல், வயிற்றைப் பிசைதல், பேச வந்தது மறந்துபோதல்.

எண்ணம்சார்ந்தவை: "உளறிவிடுவேன்", "எல்லாரும் என்னையே பார்க்கிறார்கள்", "என்னை முட்டாள் என்று நினைப்பார்கள்" என்பன போன்ற தாமாகத் தோன்றும் எண்ணங்கள்.

நடத்தைசார்ந்தவை: தவிர்த்தல், கண்ணோடு கண் நோக்காமை, மிக மெல்லிய குரலில் பேசுதல், கூட்டத்தின் ஓரத்தில் நிற்றல், விரைவில் வெளியேறுதல்.

சிறுவர்களிடத்தில் இது அழுகை, அடம், பெற்றோரைப் பற்றிக்கொள்ளல், அயலார் முன் பேசாதிருத்தல் என வெளிப்படலாம். இத்தகைய பிள்ளைகள் வகுப்பில் தொல்லை தருவதில்லை என்பதால் "அடக்கமான பிள்ளை" என்று பாராட்டப்பட்டு, அவர்களின் துன்பம் கவனிக்கப்படாமலே போவதுண்டு.

பரவலும் விளைவுகளும்

28 நாடுகளில் நடத்தப்பெற்று 2017 இல் வெளியிடப்பட்ட உலக உளநல அளவீட்டு ஆய்வின்படி, வாழ்நாளில் ஒருமுறையேனும் இக்கோளாறுக்கு உள்ளாவோர் சுமார் 4 விழுக்காட்டினர். அமெரிக்காவில் 2005 இல் வெளியான தேசிய ஆய்வில் இவ்வளவு சுமார் 12 விழுக்காடாகக் காணப்பட்டது. வருவாய் மிக்க நாடுகளில் இது கூடுதலாகவும் பிற நாடுகளில் குறைவாகவும் பதிவாகிறது. பெண்களிடத்தில் ஆண்களைவிடச் சற்று மிகுதியாகக் காணப்படுகிறது.

இக்கோளாறு பெரும்பாலும் 8 முதல் 15 வயதுக்குள் தொடங்குகிறது. சிகிச்சை பெறாதவர்களிடத்தில் இது பல ஆண்டுகள் நீடிக்கும் இயல்புடையது. மேற்குறித்த அமெரிக்க ஆய்வில், சிகிச்சையை நாடியவர்கள் கோளாறு தொடங்கியதிலிருந்து முதன்முதலாக உதவி பெறுவதற்கு எடுத்துக்கொண்ட காலத்தின் இடைநிலை அளவு 16 ஆண்டுகள் ஆகும். பதின்ம வயதில் தொடங்கிய துன்பத்துக்கு முப்பதை ஒட்டிய வயதிலேயே உதவி கிடைக்கிறது என்பது இதன் பொருள். கல்லூரிப் படிப்பு, முதல் வேலை, நட்பு, மணவாழ்வு ஆகியவை அமையும் ஆண்டுகள் இவ்விடைவெளியிலேயே கழிந்துவிடுகின்றன.

உதவி நாடத் தாமதமாவதற்குக் கோளாறின் இயல்பே ஒரு காரணமாகும். முன்பின் அறியாத ஒருவரிடம் சென்று தம் குறையைச் சொல்லுதல், இவர்கள் மிகவும் அஞ்சும் செயல்களுள் ஒன்று. மேலும், இது தம் பிறவிக்குணம், மாற்ற இயலாது என்று பலர் நம்பிவிடுகின்றனர்.

சிகிச்சை பெறாத நிலையில் படிப்பை இடைநிறுத்துதல், தகுதிக்குக் குறைந்த பணியில் தங்கிவிடுதல், பதவி உயர்வை மறுத்தல், தனிமை ஆகியவை நேர்கின்றன. உளச்சோர்வு நோய் பின்னாளில் இணைந்துகொள்வது மிகுதி. பதற்றத்தைத் தணிக்க மதுவை நாடி அதற்கு அடிமையாகும் இடரும் உண்டு.

வரலாறு

பிறர் தன்னையே நோக்குவதாக எண்ணிக் கூட்டத்தில் கலக்க அஞ்சிய ஒருவரைப் பற்றிய குறிப்பு, இப்போக்ரட்டீசின் பெயரால் 1621 இல் இராபர்ட் பர்ட்டன் எழுதிய உளச்சோர்வு பற்றிய நூலில் இடம்பெற்றுள்ளது. சார்லசு டார்வின் 1872 இல் உணர்ச்சி வெளிப்பாடுகள் குறித்து எழுதிய நூலில், முகச்சிவப்புக்கும் கூச்சத்துக்கும் காரணம் ஒருவர் தம்மீதே செலுத்தும் கவனம் என்று விளக்கினார். பிற்கால உளவியல் கோட்பாடுகள் இக்கருத்துக்கு நெருங்கி வந்தன.

பிரெஞ்சு உளவியலாளர் பியேர் ஜானே 1903 இல் சமூகச் சூழல்கள் பற்றிய அச்சம் என்னும் வகையைக் குறிப்பிட்டார். சப்பானில் உளமருத்துவர் ஷோமா மொரிட்டா (1874–1938), தைஜின் கியோஃபுஷோ எனப்படும் நிலைக்குத் தம் பெயரால் அறியப்படும் சிகிச்சை முறையை உருவாக்கினார். இந்நிலையில் ஒருவர், தம் பார்வையோ உடல்மணமோ பிறரைப் புண்படுத்திவிடும் என்றும் அஞ்சுகிறார்.

1960களில் இலண்டனில் ஐசாக் மார்க்ஸ், மைக்கேல் கெல்டர் ஆகியோர் அச்ச நோய்களை, அவை தொடங்கும் வயதைக் கொண்டு வகைப்படுத்தியபோது சமூக அச்சத்தைத் தனி வகையாகப் பிரித்தனர். 1980 இல் அமெரிக்க உளமருத்துவர் சங்கத்தின் நோய் வகைப்பாட்டுக் கையேட்டின் மூன்றாம் பதிப்பில் இது முதன்முறையாகத் தனிக் கோளாறாக இடம்பெற்றது. 2013 இல் வெளியான ஐந்தாம் பதிப்பில் சமூகப் பதற்றக் கோளாறு என்பதே முதன்மைப் பெயரானது. உலக சுகாதார நிறுவனத்தின் பன்னாட்டு நோய் வகைப்பாட்டின் பதினோராம் பதிப்பும் (நடைமுறை: 2022) இப்பெயரையே பயன்படுத்துகிறது.

கூச்சம் பற்றிய ஆய்வைப் பரவலாக்கியவர்களுள் இசுடான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் பிலிப் சிம்பார்டோ (1933–2024) குறிப்பிடத்தக்கவர். அவர் 1970களில் கூச்சத்தைக் குறித்து விரிவான கருத்தாய்வுகள் நடத்தினார். கூச்சமுடையோருக்கெனத் தனிச் சிகிச்சை மையத்தையும் தொடங்கினார். 1977 இல் இப்பொருள் பற்றிப் பொதுமக்களுக்கான நூலொன்றை வெளியிட்டார்.

காரணங்கள்

இக்கோளாறுக்கு ஒற்றைக் காரணம் இல்லை. இரட்டையர் ஆய்வுகள் மரபுவழியின் பங்கு மிதமானது எனக் காட்டுகின்றன. குழந்தைகளுள் சிலர் புதிய மனிதர்களையும் பொருட்களையும் கண்டு ஒதுங்கும் உளப்பாங்குடன் பிறக்கின்றனர். ஆர்வர்டு பல்கலைக்கழகத்தின் ஜெரோம் கேகன் (1929–2021) இதனை நீண்டகாலம் ஆராய்ந்தார். இவ்வுளப்பாங்குடைய குழந்தைகளுக்குப் பிற்காலத்தில் சமூகப் பதற்றம் தோன்றும் வாய்ப்பு கூடுதல். எனினும் அவர்களுள் பலருக்கு அது தோன்றுவதில்லை.

வகுப்பறையில் எல்லார் முன்பும் இழிவுபடுத்தப்படுதல், பட்டப்பெயர், நிறம், உடலமைப்பு, திக்குவாய் ஆகியவற்றைக் கொண்ட கேலி, மிகைக்கண்டிப்பு, மிகைப்பாதுகாப்பு, பெற்றோரின் அச்சத்தைக் கண்டு கற்றல் ஆகியன சூழல்சார்ந்த காரணிகளாகும்.

அச்சம் நீடிக்கும் விதம்

மனிதர் ஒவ்வொரு நாளும் பிறரைச் சந்திக்கின்றனர். பெரும்பாலான சந்திப்புகளில் தீங்கு எதுவும் நேர்வதில்லை. அவ்வாறிருந்தும் இவ்வச்சம் ஏன் தானாக மறைவதில்லை என்பதை விளக்க, 1995 இல் டேவிட் கிளார்க், ஏட்ரியன் வெல்ஸ் ஆகியோர் ஒரு கோட்பாட்டை முன்வைத்தனர். 1997 இல் ரொனால்டு ரபி, ரிச்சர்ட் ஹைம்பெர்க் ஆகியோர் முன்வைத்த கோட்பாடும் இதனை ஒத்தது. இவற்றின் முக்கியக் கூறுகள் வருமாறு.

தன்மீது குவியும் கவனம்: பதற்றமுற்றவர் எதிரில் இருப்பவரைக் கவனிப்பதை விட்டுத் தம் நெஞ்சுத்துடிப்பையும் குரலையும் கவனிக்கிறார். உள்ளே உணரும் நடுக்கத்தைக் கொண்டு, வெளியே தாம் எவ்வாறு தோன்றுகிறோம் என்று தீர்மானிக்கிறார். உணரும் நடுக்கம் பெரிது. வெளியே தெரியும் நடுக்கம் பெரும்பாலும் சிறிது.

பாதுகாப்பு நடத்தைகள்: அஞ்சும் கேடு நேராமலிருக்க அவர் மறைவாகச் சில உத்திகளைக் கையாள்கிறார். தேநீர்க் குவளையை இரு கைகளாலும் இறுகப் பிடித்தல், சொல்லப்போகும் தொடரை மனத்துக்குள் ஒத்திகை பார்த்தல், கைப்பேசியை நோக்கியவாறிருத்தல் ஆகியன எடுத்துக்காட்டுகள். இவை நேர்மாறான விளைவைத் தருகின்றன. இறுகப் பிடித்த கை மேலும் நடுங்குகிறது. ஒத்திகையில் மூழ்கியவர் உரையாடலைத் தவறவிடுகிறார். கைப்பேசியை நோக்குபவரைப் பிறர் செருக்குடையவர் எனக் கருதி விலகுகின்றனர். கேடு நேராதபோதும், "அந்த உத்தியால்தான் தப்பினேன்" என்ற எண்ணமே மிஞ்சுகிறது.

தவிர்த்தல்: தவிர்த்தவுடன் உடனடி நிம்மதி கிடைப்பதால் தவிர்க்கும் பழக்கம் வலுப்பெறுகிறது. அச்சம் உண்மையா என்று சோதித்தறியும் வாய்ப்பு இழக்கப்படுகிறது.

பிறர் நம்மை எவ்வளவு கவனிக்கின்றனர் என்பதை மனிதர் பொதுவாகவே மிகைப்படுத்தி மதிப்பிடுகின்றனர். கார்னெல் பல்கலைக்கழகத்தில் தாமசு கிலோவிச்சும் பிறரும் நடத்தி 2000 இல் வெளியிட்ட ஆய்வில், அணிய வெட்கப்படத்தக்க படம் பொறித்த பனியனுடன் ஒரு மாணவர் பிறர் இருந்த அறைக்குள் அனுப்பப்பட்டார். அறையிலிருந்தோருள் ஏறத்தாழப் பாதிப்பேர் அப்படத்தைக் கவனித்திருப்பர் என்று அணிந்தவர்கள் கருதினர். உண்மையில் கவனித்தவர்கள் கால்பங்கினருக்கும் குறைவு. இது ஒளிவட்ட விளைவு எனப்படுகிறது.

கண்டறிதல்

இரத்தப் பரிசோதனையாலோ ஊடுகதிர்ப் படத்தாலோ இக்கோளாற்றைக் கண்டறிய இயலாது. உளமருத்துவரோ மருத்துவ உளவியலாளரோ நேர்காணல் மூலம் கண்டறிகின்றனர். அச்சம் பொதுவாக ஆறு மாதங்களுக்கு மேல் நீடித்திருத்தல், சூழ்நிலையின் உண்மையான இடரைவிட மிகையாக இருத்தல், அன்றாட வாழ்வைப் பாதித்தல் ஆகியன கருதப்படுகின்றன. தைராய்டுச் சுரப்பு மிகை போன்ற உடல்நோய்களும் நடுக்கத்தையும் படபடப்பையும் தருவதால், தேவைப்படின் அவை இல்லை என்பது உறுதிசெய்யப்படும்.

கடுமையை அளக்க 1987 இல் மைக்கேல் லீபோவிட்ஸ் வெளியிட்ட அளவுகோல் பரவலாகப் பயன்படுகிறது. அதில் 24 சூழ்நிலைகள் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் அச்சமும் தவிர்ப்பும் தனித்தனியே 0 முதல் 3 வரை மதிப்பிடப்படுகின்றன. உயர்ந்த அளவு 144 ஆகும். இத்தகைய அளவுகோல்கள் சிகிச்சையின் முன்னேற்றத்தை அறிய உதவும். அவற்றை மட்டும் கொண்டு ஒருவர் தமக்குத் தாமே கோளாறு உண்டு என்று முடிவுசெய்தல் ஆகாது.

உளவளத்துணையும் உளச்சிகிச்சையும்

உளவளத்துணை என்பது அறிவுரை கூறுதல் அன்று. "தைரியமாக இரு", "யாரும் ஒன்றும் நினைக்க மாட்டார்கள்" என்னும் அறிவுரைகளைச் சமூகப் பதற்றம் உடையவர் ஏற்கெனவே பலமுறை கேட்டிருப்பார். பயிற்சி பெற்ற துணையாளர், வந்திருப்பவர் கூறுவதைத் தீர்ப்பளிக்காமல் கேட்டு, அவருடைய அச்சம் எவ்வாறு இயங்குகிறது என்பதை அவருடன் சேர்ந்து கண்டறிகிறார். முதற் சந்திப்பே அச்சமூட்டுவதாக இருக்கும் என்பதால், நீண்ட மௌனங்களுக்கு இடமளித்தலும், பேச இயலாததை எழுதித் தரச் சொல்லுதலும் உண்டு.

அறிதல்சார் நடத்தைச் சிகிச்சை

1950களில் ஜோசப் வோல்ப்பே உருவாக்கிய படிமுறை உணர்ச்சித் தணிப்பு, ஆல்பர்ட் எல்லிஸ் (1913–2007), ஆரோன் பெக் (1921–2021) ஆகியோரின் எண்ண ஆய்வு முறைகள் ஆகியவற்றின் இணைப்பாக இச்சிகிச்சை உருவானது. எல்லிஸ் தம் இளமையில் பெண்களுடன் பேசக் கடுங்கூச்சம் கொண்டிருந்தார். பத்தொன்பதாம் வயதில், நியூயார்க்கின் பிராங்க்ஸ் தாவரவியல் பூங்காவில் தனியே அமர்ந்திருக்கும் பெண்கள் அனைவரிடமும் ஒரு மாதம் பேச்சுக் கொடுப்பது என்று தமக்குத்தாமே விதித்துக்கொண்டார். 130 பேரை அணுகியதில் 30 பேர் உடனே எழுந்து சென்றனர். ஏனைய 100 பேருடன் பேச முடிந்தது. ஒருவர் மட்டுமே மீண்டும் சந்திக்க ஒப்புக்கொண்டார், அவரும் வரவில்லை. முயற்சி தோற்றது. ஆனால் எவரும் தம்மை அடிக்கவோ காவலரை அழைக்கவோ இல்லை என்பதையும், தம் அச்சம் நீங்கியதையும் கண்டதாக எல்லிஸ் பிற்காலத்தில் பலமுறை குறிப்பிட்டார்.

இச்சிகிச்சையின் முக்கியப் படிகள் பின்வருமாறு.

1. விளக்கப்படம் வரைதல்: அண்மையில் நேர்ந்த ஒரு நிகழ்வை எடுத்துக்கொண்டு, அப்போதைய எண்ணம், உடல் மாற்றம், பாதுகாப்பு நடத்தை ஆகியவை ஒன்றையொன்று வளர்த்த விதம் வரைந்து காட்டப்படும்.

2. எண்ணங்களை ஆய்தல்: "நான் பேசினால் எல்லாரும் சிரிப்பார்கள்" என்னும் எண்ணத்துக்கு ஆதரவான சான்றும் எதிரான சான்றும் பட்டியலிடப்படும். எல்லாம் நன்றாக முடியும் என்று நம்பவைத்தல் இதன் நோக்கமன்று; உண்மைக்கு நெருக்கமான மதிப்பீட்டை அடைதலே நோக்கம்.

3. கவனத்தை வெளியே திருப்புதல்: தம் உடலைக் கவனிப்பதை விட்டு, பேசுபவரின் சொற்களையும் சுற்றுப்புறத்தையும் கவனிக்கும் பயிற்சி.

4. காணொளிப் பின்னூட்டம்: உரையாடல் பதிவுசெய்யப்படும். தாம் எவ்வாறு தோன்றியிருப்போம் என்று முதலில் கணித்துவிட்டு, பின்னர் அந்நியர் ஒருவரைப் பார்ப்பதுபோல் பதிவைப் பார்த்தல் வேண்டும். கணிப்புக்கும் பதிவுக்கும் இடையிலான வேறுபாடு பலருக்கு வியப்பளிக்கிறது.

5. நடத்தைச் சோதனைகள்: அச்சத்தை ஒரு கணிப்பாக எழுதிக்கொண்டு நேரில் சோதித்தல். எடுத்துக்காட்டாக, "கடையில் காசைத் தவறவிட்டால் எல்லாரும் ஏளனம் செய்வர்" என்று கருதுபவர் வேண்டுமென்றே காசைத் தவறவிட்டு, எத்தனை பேர் திரும்பிப் பார்த்தனர், எத்தனை பேர் எடுத்துக் கொடுத்தனர் என்று குறித்து வருவார்.

6. மீள்தடுப்பு: சிகிச்சை முடிந்தபின் அச்சம் தலைதூக்கினால் செய்ய வேண்டியவற்றை எழுதி வைத்தல்.

படிப்படியாக எதிர்கொள்ளல்

அஞ்சும் சூழ்நிலைகளை 0 முதல் 100 வரை மதிப்பிட்டு, எளியதிலிருந்து கடியதற்கு முன்னேறுதல் பரவலாகக் கையாளப்படும் முறையாகும். தமிழ்வழியில் பயின்று கல்லூரி விடுதியில் சேர்ந்த மாணவர் ஒருவருக்கான ஏணி பின்வருமாறு அமையலாம்.

- பேருந்து நிறுத்தத்தில் அறிமுகமற்றவரிடம் மணி கேட்டல் – 20
- கடையில் விலை கேட்டுவிட்டு வாங்காமல் திரும்புதல் – 35
- விடுதி உணவுக்கூடத்தில் பிறருடன் ஒரே மேசையில் உண்ணுதல் – 45
- வகுப்பு முடிந்தபின் ஆசிரியரிடம் தனியே ஐயம் கேட்டல் – 55
- வகுப்பின்போது கையுயர்த்தி ஆங்கிலத்தில் ஒரு கேள்வி கேட்டல் – 80
- வகுப்பின் முன் நின்று ஐந்து நிமிடம் பேசுதல் – 95

ஒவ்வொரு படியையும் ஒருமுறை செய்தல் போதாது. பாதுகாப்பு நடத்தைகள் இன்றிப் பலமுறை செய்தல் வேண்டும். பதற்றம் முற்றிலும் மறைதல் வெற்றியின் அளவுகோலன்று. பதற்றம் இருக்கும்போதே செயலைச் செய்ய இயலும் என்று அறிதலே பயன்.

குழுச் சிகிச்சையும் இணையவழிச் சிகிச்சையும்

ஹைம்பெர்க் வகுத்த குழுமுறையில் சுமார் ஆறு பேர், வாரம் ஒருமுறையாகப் பன்னிரண்டு அமர்வுகளில் கூடுகின்றனர். தம்மைப் போன்றே பிறரும் துன்புறுகின்றனர் என்று நேரில் காண்பதும், குழுவே பயிற்சிக்களமாக அமைவதும் இதன் நன்மைகள். 2000களில் சுவீடன், ஆசுத்திரேலியா ஆகிய நாடுகளில், துணையாளரின் மேற்பார்வையுடன் இணையவழிப் பாடங்களாகச் சிகிச்சை அளிக்கும் முறைகள் ஆராயப்பட்டுப் பயனுள்ளவை எனக் கண்டறியப்பட்டன. நேரில் செல்ல அஞ்சுவோருக்கு இவை தொடக்கப்படியாகலாம்.

பயன்திறன்

2014 இல் லான்செட் குழும உளமருத்துவ இதழில் வெளியான ஒப்பாய்வு, 101 ஆய்வுகளையும் 13 ஆயிரத்துக்கும் மேற்பட்டோரையும் கொண்டு 41 சிகிச்சை முறைகளை ஒப்பிட்டது. உளச்சிகிச்சைகளுள், தனியாள் முறையிலான அறிதல்சார் நடத்தைச் சிகிச்சையே முதற்சிகிச்சையாகத் தக்கது என அது முடிவுசெய்தது. இங்கிலாந்தின் தேசிய சுகாதார வழிகாட்டு நிறுவனம் 2013 இல் வெளியிட்ட நெறிமுறையும் இதனையே முதலில் பரிந்துரைக்கிறது. கிளார்க் முறையில் 90 நிமிட அளவிலான சுமார் 14 அமர்வுகள் எனவும் அது வரையறுக்கிறது. ஆறுதல் கூறும் பொதுவான உளவளத்துணையை மட்டும் இக்கோளாறுக்கு வழக்கமாக வழங்க வேண்டாம் என்று அந்நெறிமுறை கூறுவது குறிப்பிடத்தக்கது. ஆகவே, துணையாளரைத் தெரிவுசெய்பவர் அவர் கையாளும் முறை யாது, அமர்வுகளுக்கிடையே பயிற்சிகள் தரப்படுமா என்று கேட்டறிதல் நன்று.

எல்லாருக்கும் இச்சிகிச்சை முழுப்பயன் தருவதில்லை. உளச்சிகிச்சையை விரும்பாதவருக்கும், அதனால் போதிய பயன் அடையாதவருக்கும் செரோட்டோனின் மீளேற்பைத் தடுக்கும் வகை மருந்துகளை உளமருத்துவர் பரிந்துரைப்பதுண்டு. இவை பயன்தரச் சில வாரங்கள் ஆகும். மருத்துவரைக் கேளாமல் திடீரென நிறுத்துதல் கூடாது.

குடும்பமும் பள்ளியும்

பெற்றோரும் ஆசிரியரும் அறியாமலேயே அச்சத்தை வளர்ப்பதுண்டு. உறவினர் கேட்கும் கேள்விக்குப் பிள்ளைக்குப் பதிலாகத் தாமே விடையளித்தல் ஒருவகை. விருந்தினர் முன் பாடச் சொல்லி வற்புறுத்தி, மறுத்தால் பழித்தல் மற்றொரு வகை. முன்னது தவிர்ப்பை நிலைநிறுத்துகிறது. பின்னது அச்சத்தை உறுதிப்படுத்துகிறது. பிள்ளை விடையளிக்கச் சற்றுக் காத்திருத்தல், "இவன் கூச்ச சுபாவி" என்று அவன் முன்பே முத்திரை குத்தாதிருத்தல், சிறு முயற்சியையும் கவனித்துப் பாராட்டுதல் ஆகியவை உதவும்.

வகுப்பில் முதலில் இருவராகவும், பின்னர் சிறு குழுவாகவும், இறுதியில் அனைவர் முன்பும் பேசுமாறு படிப்படியாக வாய்ப்பளிக்கலாம். வாய்மொழித் தேர்விலிருந்து முற்றிலும் விலக்களித்தல் அப்போதைக்கு இரக்கமாகத் தோன்றினும் நெடுநாளில் பயன்தராது.

அச்சத்துக்கு உண்மையான காரணம் இருத்தலும் உண்டு. சாதி, நிறம், மொழி, மாற்றுத்திறன், பாலினம் ஆகியவற்றின் பெயரால் ஒரு மாணவர் உண்மையாகவே இழிவுபடுத்தப்படும் இடத்தில், அவருடைய அச்சத்தைத் தவறான எண்ணம் என்று கருதுதல் பிழையாகும். அங்கு முதலில் திருத்தப்பட வேண்டியது அவ்விடத்தின் நடைமுறையே.

காந்தியும் கூச்சமும்

மோகன்தாசு காந்தி தம் தன்வரலாற்றில் தமது கூச்சத்தைக் குறித்து ஓர் அத்தியாயமே எழுதியுள்ளார். இலண்டனில் சைவ உணவுச் சங்கத்தின் கூட்டங்களில் அவரால் பேச இயலவில்லை. எழுதி வந்ததைப் பிறரே படித்தனர். இந்தியா திரும்பியபின் பம்பாயில் ஏற்ற முதல் வழக்கில், குறுக்கு விசாரணை செய்ய எழுந்தபோது அவருக்குக் கேள்வி எதுவும் தோன்றவில்லை. பெற்ற கட்டணமான 30 ரூபாயைத் திருப்பித் தந்து வெளியேறினார். 1893 இல் தென்னாப்பிரிக்காவின் பிரிட்டோரியாவில் இந்திய வணிகர்களின் கூட்டத்தில், முன்னரே ஆராய்ந்து வைத்திருந்த பொருள் பற்றிப் பேசினார். அதனைத் தம் வாழ்வின் முதல் பொதுப்பேச்சு என்று அவர் குறிப்பிடுகிறார். கூச்சம் தமக்குச் சொற்சிக்கனத்தைக் கற்பித்தது என்றும் எழுதினார். அவருக்கு இக்கோளாறு இருந்தது என்று இதனால் கொள்ள இயலாது. எனினும், பேச அஞ்சியவர் தாம் முக்கியமாகக் கருதிய ஒன்றுக்காகப் பேசத் தொடங்கியதற்கு இது நன்கறிந்த எடுத்துக்காட்டாகும்.

இந்தியாவிலும் இலங்கையிலும் உதவி பெறும் வழிகள்

இந்தியாவில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் உளமருத்துவப் பிரிவுகளிலும், 1996 இல் தொடங்கப்பட்ட மாவட்ட மனநலத் திட்டத்தின் மூலமும் சிகிச்சை பெறலாம். 2022 அக்டோபரில் இந்திய அரசு தொடங்கிய டெலி-மானஸ் சேவையை 14416 என்னும் எண்ணில் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலும் பேசலாம். இலங்கையில் தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்னும் எண் இதற்கென உள்ளது.

உளமருத்துவர் மருத்துவம் பயின்று மருந்து எழுதும் தகுதி பெற்றவர். மருத்துவ உளவியலாளர் உளச்சிகிச்சையில் பயிற்சி பெற்றவர். இந்தியாவில் இவர் இந்திய மறுவாழ்வு மன்றத்தில் பதிவு பெற்றிருத்தல் வேண்டும். இந்தியாவின் 2017 ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், சிகிச்சை பெறுவோரின் விவரங்கள் மறைவாகக் காக்கப்படும் உரிமையை அளிக்கிறது. உயிருக்கு இடர் நேரக்கூடிய நிலை போன்ற சில விதிவிலக்குகள் இதற்கு உண்டு.

பதற்றத்துடன் நம்பிக்கையிழப்போ, உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணமோ தோன்றுமாயின் காத்திராமல் உடனடியாக உதவி பெறுதல் வேண்டும்.

இவற்றையும் பார்க்க

- அச்சக் கோளாறு
- பதற்றம்
- உளச்சோர்வு
- அறிதல்சார் நடத்தைச் சிகிச்சை
- உளவளத்துணை
- அகமுக ஆளுமை